நோகுது எண்டு சொல்லுங்கோ

போன மாதம் எங்கள் பழைய கண் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். இப்போது அங்கே தாதியாக இருப்பவள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தவள். புது லேசர் இயந்திரம் ஒன்று வரப்போகிறதாம். கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல புள்ளிகளைச் சேர்த்து வைத்துவிடுமாம், நோயாளிக்கு முன்போல நோகாதாம். "உங்கட காலத்தில எப்பிடி மிஸ் சமாளிச்சனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்டிருந்தாள்.

நோகாது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிரிவில் அந்தச் சொல்லுக்குத் தடை இருந்தது. தடை போட்டவர் ஜயவீர டொக்டர்.

என் சொந்த ஊர் வங்காலை. தாதியர் பயிற்சிக்கு வெளியூர் போனது, சண்டைக் காலத்தில் ஊர் ஊராக வார்டுகளில் நின்றது, பிறகு கண் வேலைக்கென்று கொழும்பில் படித்தது, இவையெல்லாம் தனிக்கதை. மன்னாருக்கு மாற்றம் கிடைத்தபோது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நின்று பழகியவளுக்கு இந்தச் சின்னக் கண் பிரிவு முதலில் சப்பென்றுதான் இருந்தது. ஒரு நீட்டு அறை, சுவரோரம் நோயாளிகள் இருக்க மர வாங்குகள், பின்னால் ஒரு இருட்டறை. காலையில் கேற்றைத் திறக்கப் போனால் நோயாளிகளுக்கு முன்னால் இரண்டு கழுதைகள் நிற்கும். கண்மணி விரிய மருந்து விட்டுக்கொண்டு வெளியே உலாவப் போன பெரியவர் ஒருவர், வழியில் நின்ற கழுதையிடம் "கொஞ்சம் விலகுங்கோ தம்பி" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு முதல் லேசர் இயந்திரம் வந்ததற்குப் பின்னால்தான் ஜயவீர டொக்டர் வந்தார். தெற்கிலிருந்து வந்த சிங்கள டொக்டர். மெலிந்த, உயர்ந்த மனிதர். குரல் உயர்த்தமாட்டார். தமிழை ஏதோ புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தமிழ் முதல் கிழமையிலேயே இடறியது.

எங்கள் ஊர் மீன்பிடிக்காரர் ஒருவரை இயந்திரத்துக்கு முன்னால் இருத்தி, முகத்தை நீட்டி நாடியைத் தாங்குதட்டில் வைக்கச் சொல்லி, லேசர் அடித்தபடி டொக்டர் கேட்டார்: "ஐயா, வலிக்குதா?"

பெரியவர் அசையாமல் பதில் சொன்னார்: "இப்ப ஆர் டொக்டர் வலிக்கிறது? எல்லாம் எஞ்சின்தானே."

எங்கள் பக்கத்தில் உடம்பு வலிப்பதில்லை, நோகும். வலிப்பது தண்டு, துடுப்பைத்தான் சொல்கிறேன், வள்ளத்தில் இருந்துகொண்டு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளங்கப்படுத்தினேன். டொக்டர் சிரிக்கவில்லை. கிளினிக் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, நோவுக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனையும் வேண்டும் என்றார்.

நான் நினைத்து நினைத்துச் சொன்னேன். குத்துது, சுள்ளெண்டுது, எரியுது, உளையுது, இடிக்குது, விண்விண்ணெண்டு தெறிக்குது. ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் எவ்வளவு நுணுக்கமாக நோகிறோம் என்பது. சில கிழமைகளில் அவர் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே வேலை செய்யத் தொடங்கிவிட்டார்.

சீனி வருத்தக்காரருக்கு இந்த லேசர் எதற்கென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீனி கூடிக் கூடிக் கண்ணின் பின்திரையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதாகும். பிறகு அங்கே கண்டபடி புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வெடித்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும், திரை கிழியும், பார்வை போகும். அதைத் தடுக்கத் திரையின் ஓரங்களில் லேசரால் சின்னச் சின்னதாய்ச் சுடவேண்டும், நூற்றுக்கணக்கில். கண்ணின் மேற்பரப்பை மரக்கப் பண்ணத் துளிமருந்து உண்டு. ஆனால் உள்ளே போகும் சூட்டை அது முழுக்கத் தடுக்காது. சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு உயிர் போய் வரும். யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"எரியுது" என்று நோயாளி சொன்னால் டொக்டர் நிறுத்தித் துளிமருந்தை இன்னொரு தரம் விடச் சொல்வார். அது மேற்பரப்பு நோ. லேசர் அடிக்கும்போது கண்ணில் ஒட்டிவைக்கும் கண்ணாடி வில்லைக்குக் கீழே பசை காய்ந்திருக்கும். "சுள்ளெண்டுது" என்றால் பக்கத்தில் நரம்பு ஓடுகிறது, இடத்தை மாற்றுவார். கண்ணின் இரண்டு பக்கவாட்டிலும் அந்த நரம்புகள் போகும் பாதை உண்டு. அந்த இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, சூட்டையும் நேரத்தையும் குறைத்துத்தான் தொடுவார். "உளையுது" என்றால் நோ ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிவிட்டது, இளைப்பாற விடவேண்டும், அல்லது மிச்சத்தை வேறொரு நாளைக்கு வைக்கவேண்டும். ஒரு அம்மா பல்லுக்குள் சூடு வைத்தமாதிரி இருக்கிறது என்றார். நான் அது வேறு ஏதோ பல்லுக் கொதி என்று நினைத்தேன். டொக்டருக்கு நல்ல சந்தோசம். கண்ணுக்கும் பல்லுக்கும் வருவது ஒரே பெரிய நரம்பின் கிளைகள்தான், அம்மா சரியாகச் சொல்கிறார் என்றார்.

அதற்கு முந்திய ஆயத்தம் என் பொறுப்பு. சாப்பிட்டு வந்தார்களா என்று பார்ப்பேன்; வெறும் வயிற்றோடு, சீனி இறங்கிய உடம்போடு இருப்பவர்களுக்கு நோ இரட்டிப்பாகத் தெரியும். நேரத்தோடு நோவுக்கு ஒரு குளிசை கொடுப்பேன். சலம் போய் வரச் சொல்வேன். அடக்கிக்கொண்டு இருப்பவர் அசையாமல் இருக்கமாட்டார். கதிரையின் உயரத்தைக் கழுத்து நீளாதபடி சரிசெய்வேன். கால் தொங்கினால் கீழே பலகை வைப்பேன். நெற்றிப் பட்டியை இறுக்கிவிட்டு, பின்னால் நின்று தலையின் பிடரியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். தள்ளிப் பிடிப்பதற்கு அல்ல. ஆள் தலையை இழுக்கப்போகிறார் என்றால் கழுத்து நரம்பு முதலில் முறுகும். அது கைக்குத் தெரியும். நான் "டொக்டர்" என்பேன், அவர் லேசரை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுப்பார்.

டொக்டர் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் அதே வசனத்தைச் சொல்வார்: "கொஞ்சம் நோகும். நொந்தா சொல்லுங்கோ. நான் நிப்பாட்டுவன்." புதிதாக வந்த ஒரு தாதி ஒரு அம்மாவை ஆறுதல்படுத்த "ஒண்டும் நோகாதம்மா" என்றபோது, அவளை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். நோகாது என்று சொல்லி நொந்தால், அடுத்த தரம் அந்த அம்மா வரமாட்டார். வராவிட்டால் கண் போகும். நோவால் யாரும் குருடாவதில்லை, பொய்யால் குருடாவார்கள் என்றார்.

அவர் எதை மனதில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாரோ தெரியாது. எனக்கு அந்த வசனம் விளங்கியது சிலாவத்துறைக் காதர் நானா வந்த பிறகுதான்.

காதர் நானா சங்கு குளிப்பவர். இளமையில் மூச்சை அடக்கியே இறங்கியவர். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு புத்தளத்து அகதி முகாமுக்குப் போய், உப்பளத்தில் கூலி வேலை செய்து, நெடுங்காலம் கழித்து ஊர் திரும்பியதும் பழையபடி கடலுக்கே போயிருந்தார். அகன்ற நெஞ்சு, நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. அவரோடு மனைவி ஹபீபா ராத்தா வந்திருந்தார்; எங்கள் பக்கத்தில் மூத்த முஸ்லிம் ஆட்களை நானா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வேறொரு ஊரில் அந்தக் கண்ணுக்கு லேசர் தொடங்கியிருக்கிறார்கள். ஒருநாள் போனவர் பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு "நேரம் கிடைக்கேல்லை" என்றார். இப்போது வலது கண்ணிலும் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன.

அவர் கண்ணுக்கு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை வாங்கில் காத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தன் பாதத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். சிப்பி வெட்டிய காயமாம். மணலில் இரத்தத்தைக் கண்டுதான் வெட்டியது தெரியுமாம், ஒரு துளி நோகவில்லையாம். பெருமையாகச் சொன்னார். அந்த வழியால் வந்த டொக்டர் நின்று, குந்தியிருந்து பாதத்தைப் பார்த்தார். நோகாதது நல்லதல்ல, சீனி காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று சொல்லி, காயத்துக்கு மருந்து கட்ட அனுப்பினார். காதர் நானா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் இருட்டறையில் அவரை இருத்தினோம். டொக்டர் வழக்கமான வசனத்தைச் சொன்னார். முதலில் மிகக் குறைந்த சூட்டில் ஒரு புள்ளி; வெளிச்சமும் "டிக்" என்ற சத்தமும் எப்படி இருக்கும் என்று ஆளுக்குக் காட்ட. பிறகு மெல்ல மெல்ல ஏற்றினார்.

"நோகுதோ நானா?"

"இல்லை டொக்டர்."

இன்னும் கொஞ்சம் போனது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. என் உள்ளங்கைக்குக் கீழே அவருடைய பிடரி கல்லுப்போலத்தான் இருந்தது, ஆனால் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

டொக்டர் திடீரென்று, "நானா, மூச்சு எங்கே?" என்று கேட்டார்.

இயந்திரத்தின் இரு பக்கமும் டொக்டரின் முகமும் நோயாளியின் முகமும் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். காதர் நானாவின் மூச்சு வெகுநேரமாக அவருக்குக் கேட்கவில்லை. கேள்வியைக் கேட்டபடியே பெடலிலிருந்து காலை எடுத்தார். அதே கணத்தில் காதர் நானாவின் தலை பின்னோக்கி வந்து என் வயிற்றில் மோதியது. வில்லை தெறித்துக் கீழே விழுந்தது. அவர் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, தண்ணீருக்கு மேலே வந்தவரைப்போல. கால் ஒரு நொடி பிந்தியிருந்தால் அந்தச் சூடு திரையின் நடுவில் விழுந்திருக்கும். மிஞ்சியிருந்த ஒரே கண்.

நான் விளக்கைப் போட்டேன். டொக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, காதர் நானாவின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இப்ப நொந்துதோ?"

"இல்லை டொக்டர்."

"அப்ப தலை ஏன் போனது?"

காதர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து பசையும் கண்ணீரும் கலந்து தாடிக்குள் ஓடியது. ஹபீபா ராத்தா கதவடியில் வந்து நின்றார்.

டொக்டர் தன்னுடைய உடைந்த தமிழில் சொன்னார்: "உங்கட கண்ணுக்கு நடுவில ஒரு இடம் இருக்கு. கடுகு மாதிரி. முகம் பார்க்கிறது அதாலதான். நான் சுடுறது அதுக்குப் பக்கத்தில. உள்ள என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னாத்தான் தெரியும். நீங்கள் சொல்லாட்டி நான்தான் குருடன், நானா."

அன்றைக்கு அவ்வளவுதான். மூச்சைப் பிடிப்பதால் வந்த ஆபத்தையும் விளங்கப்படுத்தினார். முக்கி மூச்சை அடக்கினால் கண்ணுக்குள் உள்ள அந்தப் பலவீனமான குழாய்கள் வெடிக்கக்கூடும். அடுத்த கிழமை வரச் சொன்னார். நோகவில்லை என்று சொல்லும் ஆளுக்குத் தான் லேசர் அடிக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு மனம் ஓடவில்லை. ஒருமுறை போகாமல் விட்டுக் கண்ணை இழந்தவர். இன்னொரு முறை விட்டால் முடிந்தது. குறித்த நாளில் சிலாவத்துறைப் பஸ் வந்து நெடுநேரமாகியும் அவர்களைக் காணவில்லை. கிளினிக் அரைவாசி கலைந்த பிறகு ஹபீபா ராத்தா முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். பஸ் ஸ்ராண்டில் இறங்கியதும் திரும்பிப் போகப் பார்த்தாராம். ராத்தா சண்டை பிடிக்கவில்லையாம். தானும் அவரோடு திரும்பிப் போய்ப் பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு, "சரி, போவம். வீட்ட போனதும் என்ட முகத்தை நல்லாப் பார்த்து வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாராம். அதற்குப் பிறகு அவராகவே இறங்கினாராம்.

மறுபடியும் இருட்டறை. வில்லை வைத்தாயிற்று. பட்டி இறுக்கியாயிற்று. டொக்டர் பெடலில் கால் வைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே வாங்குகளில் சனம் கதைக்கும் சத்தம் கேட்டது. அவசரப்படுத்த ஆயிரம் காரணம் இருந்தது. அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் கால் உளையத் தொடங்கிவிட்டது.

"நோகுது" என்றார் காதர் நானா. சுவருக்குச் சொன்னதுபோல, மிகச் சின்னக் குரலில்.

"நான் இன்னும் தொடங்கேல்லை, நானா."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு டொக்டர். கடைசியில் காதர் நானாவின் பிடரி என் கையில் குலுங்கியது. சிரித்ததில் மூச்சு வந்தது. "இப்பிடியே விடுங்கோ நானா, மேல வந்து விடுற மூச்சு மாதிரி" என்று நான் காதுக்குள் சொன்னேன். அந்த மூச்சு அவருக்குத் தெரிந்த மூச்சுத்தானே.

அதன்பிறகு அவர் ஒவ்வொன்றையும் சொன்னார். இப்ப இல்லை. இப்ப கொஞ்சம். இப்ப சுள்ளெண்டுது. டொக்டர் இடம் மாற்றுவார், நிறுத்துவார், தொடங்குவார். அன்று செய்ததைவிட நிறுத்தியதுதான் அதிகம். ஆனாலும் வேலை நடந்தது.

பக்கவாட்டு நரம்புப் பாதைகள் மிஞ்சின. அந்த இடங்களை அவருக்குச் சும்மா தொடவே முடியவில்லை. ஊசிமூலம் கண்ணை மரக்கப் பண்ணலாம் என்றார் டொக்டர். முனை மழுங்கிய ஊசியால் கண்ணைச் சுற்றி மருந்து விடுவது. ஆனால் மரத்த கண் சில மணித்தியாலங்களுக்குப் பார்க்காது, அடுத்த நாள் வரை மூடிக் கட்டிவைக்கவும் வேண்டும். இரண்டு கண் உள்ளவருக்கு அது ஒரு சிரமமே அல்ல. இவருக்கு முழு இருட்டு. டொக்டர் அதை மறைக்காமல் சொன்னார். காதர் நானா யோசித்துவிட்டு, ராத்தா பக்கத்தில் இருக்க விடுவீர்களா என்று மட்டும் கேட்டார்.

ஊசி போட்ட அன்று லேசர் சுகமாக முடிந்தது. கண்ணைக் கட்டி, இருவரையும் வாங்கின் கடைசியில், மின்விசிறிக்குக் கீழே இருத்தினேன். நான் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு போய் வந்தேன். ஒருமுறை வெறும் தேத்தண்ணி கொண்டு போனபோது, அவர் ராத்தாவின் முக்காட்டுத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் பிடிப்பதைப்போல. கோப்பையை அவருடைய மற்றக் கையில் கொடுத்தேன்.

"ஆரு, மிஸ்ஸா?"

"ஓம் நானா."

"பயமாக் கிடக்கு மிஸ்" என்றார். "கடலுக்கு அடியில கூட இவ்வளவு இருட்டு இல்லை."

நானும் அவருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்துகொண்டேன். இருவரையும் இரவு வார்டில் தங்கவைத்து, அடுத்த நாள் கட்டை அவிழ்த்தபோது முதலில் ராத்தாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இருட்டுக்குள்ள இருந்து நினைச்சதைவிட நீங்கள் கறுப்பு மிஸ்" என்றார். ராத்தாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

லேசர் பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். காதர் நானாவுக்கு இருந்தது இருந்தபடி நின்றது. கடலுக்கு இனிப் போகக்கூடாது என்று டொக்டர் சொன்னபோது எதிர்த்துப் பேசவில்லை. கரையில் நின்று மற்றவர்கள் கொண்டுவரும் சங்குகளைத் தரம் பிரித்துக் கொடுத்தார். ஜயவீர டொக்டருக்கும் மாற்றம் வந்தது. போகும் நாளில் எங்கள் கொண்டாட்டப் பேச்சுகளையெல்லாம் கேட்டுவிட்டு, தனக்கு இந்த ஊர் கொடுத்தது நோவுக்கு நல்ல சொற்கள் என்றார். அதற்குப் பிறகு நல்ல டொக்டர்கள் வந்தார்கள், கெட்டிக்காரர்கள். ஆனாலும் அந்த இருட்டறையில் ஒருவர் ஒன்றும் செய்யாமல் காத்திருந்த அந்த நேரத்தைத்தான் என் உத்தியோகக் காலத்தில் நான் கண்ட பெரிய வைத்தியமாக இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். டொக்டர் போன பிறகு ஒருநாள், வேலை முடிந்து பஸ் ஸ்ராண்டில் நின்றபோது ஹபீபா ராத்தாவைக் கண்டேன். நானா எப்படி என்று விசாரித்தேன். எதிரே கடையில் தேங்காய் பார்த்துக்கொண்டு நின்றவரைக் கையால் காட்டினார்.

"இப்ப எல்லாத்துக்கும் நோகுது எண்டு சொல்றார் மிஸ். முதுகு நோகுது, முழங்கால் நோகுது. வீட்டில இருக்க விடுறாரில்லை" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். புத்தளத்து முகாமில் இருக்கும்போது காய்ச்சலில் போன ஒரு பெண்பிள்ளை அவர்களுக்கு இருந்ததாம். ஆறு வயசு. அடக்கிவிட்டு வந்த அன்றிலிருந்து காதர் நானா அந்தப் பிள்ளையின் பேரை எடுத்ததே இல்லையாம். ராத்தா எடுத்தாலும் எழுந்து போய்விடுவாராம். ராத்தாவும் விட்டுவிட்டாராம்.

"போன கிழமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, தானாச் சொன்னார் மிஸ். ‘நஸீமா இருந்தா இப்ப அவளுக்கும் பிள்ளையள் இருக்கும், என்ன’ எண்டு. சொல்லிப்போட்டுச் சோத்தில கை வைச்சபடியே அழுதார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள் ராத்தா?"

"நானும் இருந்து அழுதன். இவ்வளவு காலமும் நான் மட்டும்தான் அழுதனான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

சிலாவத்துறைப் பஸ் வந்து நின்றது. காதர் நானா தேங்காய்ப் பையோடு தெருவைக் கடந்து வந்தார், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்து, யாருடைய கையையும் பிடிக்காமல். என்னைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸலாம் சொன்னார். ராத்தாவை முதலில் ஏறவிட்டு, பின்னால் தான் ஏறினார்.